ஒரு டப்பா சீட்டு: புருஷன் பொண்டாட்டி சண்டை, கவுன்சலிங், ஆராய்ச்சி பத்தி நம்ம ஆளுங்க கேட்ட கேள்விங்க

போன பொங்கலுக்கு எங்க அபார்ட்மெண்ட் தமிழ்க் குடும்பங்க எல்லாம் சேர்ந்து கிளப் ஹவுஸ்ல சின்னதா ஒரு ஃபங்ஷன் வச்சாங்க. நான் கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட், பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு சின்ன ரூம் போட்டு பதினோரு வருஷமா ஜோடிங்கள பாத்துட்டு இருக்கேன், அதனால "நீங்க ஒரு அரை மணி நேரம் பேசுங்க மேடம்"னு மைக்க குடுத்துட்டாங்க. நேரா கேளுங்கன்னா யாரு கேப்பாங்க, பக்கத்துலயே மாமியார் உக்காந்திருக்காங்க. அதான் பேர் எழுதாம சீட்டு போடச் சொல்லி ஒரு எவர்சில்வர் டப்பாவ சுத்த விட்டேன். திரும்பி வந்தப்போ டப்பா மூட முடியல. அன்னைக்கு நாலு சீட்டு தான் பிரிச்சேன், அதுக்குள்ள சாப்பாட்டுக்கு கூப்பிட்டுட்டாங்க. மிச்சத்துக்கு இங்க எழுதுறேன், ஒரே மாதிரி கேள்விங்கள சேத்துட்டேன்.

எங்களுக்குள்ள வாரத்துக்கு ரெண்டு சண்டை வருது. இது நார்மலா?

நார்மல் தான். எத்தன சண்டைங்கறத விட எப்படி சண்டை போடுறீங்கங்கறது தான் கணக்கு. அமெரிக்காவுல ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு பேரு 1980கள்ல இருந்து ஜோடிங்கள ரூம்ல உக்கார வச்சு, நெஞ்சுல சென்சார் ஒட்டி, உங்களுக்குள்ள தீராத ஒரு விஷயத்த பத்தி கால் மணி நேரம் பேசுங்கன்னு சொல்லி வீடியோ எடுத்தாங்க. அதையெல்லாம் வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணி பாத்ததுல, நல்லா இருக்கற ஜோடிங்களும் சண்டை போடுறாங்க, ஆனா அந்த சண்டைக்கு நடுவுலயே ஒரு சிரிப்பு, ஒரு "சரி சரி நீ சொல்றது புரியுது", கைய தொடறதுன்னு வந்துட்டே இருக்கு, ஒரு கசப்பான விஷயத்துக்கு அஞ்சு நல்ல விஷயம்ங்கற அளவுல. பிரியப் போற ஜோடிங்க கிட்ட ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருந்துச்சு.

காட்மன் சொன்ன இன்னொரு கணக்கு எனக்கு ரொம்ப பிடிக்கும். ஜோடிங்களோட பிரச்சினைங்கள்ல 69 சதவீதம் தீரவே தீராதாம். குணம், வளர்ந்த வீடு, செலவு பண்ற பழக்கம் இதுல இருந்து வர்றது. நாலு வருஷம் கழிச்சு அதே ஜோடிய கூப்பிட்டா அதே சண்டைய அதே வார்த்தைல போடுறாங்க. இத சொன்னா எங்கிட்ட வர்றவங்க மொதல்ல ஷாக் ஆவாங்க, அப்புறம் தோள் தளர்ந்து சாஞ்சு உக்காருவாங்க, அப்ப எங்களுக்கு மட்டும் இல்லையான்னு.

எந்த மாதிரி சண்டைய பாத்து பயப்படணும்?

காட்மன் நாலு சொல்வார். ஆளையே குறை சொல்றது, ஏளனம், "நானா? நீ என்ன ஒழுங்கா"ன்னு எதிர்வாதம், அப்புறம் கல்லு மாதிரி வாய மூடிட்டு உக்காந்துடறது. நாலுலயும் மோசமானது ஏளனம். "நேத்து தயிர் வாங்க மறந்துட்ட"ங்கறது புகார். "உனக்கு எதையும் ஒழுங்கா செய்யத் தெரியாது"ங்கறது குறை. "ஐடி கம்பெனில மேனேஜராம், ஒரு தயிர் பாக்கெட் வாங்கத் துப்பில்ல"ன்னு உதட்ட சுழிச்சு சொன்னா அது ஏளனம். நம்ம ஊர்ல இதுல ஒரு ஸ்பெஷல் இருக்கு, நேரா புருஷன்கிட்ட சொல்ல மாட்டாங்க, குழந்தைய பாத்து "உங்கப்பாவுக்கு இதெல்லாம் எங்கடா தெரியும்"னு சொல்லுவாங்க. அத கேட்டா எனக்கு பகீர்னு இருக்கும்.

ஒரு ஜோடி பிரியுமா மாட்டாங்களான்னு அஞ்சு நிமிஷத்துல 90 சதவீதம் கரெக்டா சொல்லிடுவாங்களாமே?

அப்படியே நம்பாதீங்க. அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னா, யாரு பிரிஞ்சாங்க யாரு சேர்ந்திருக்காங்கன்னு தெரிஞ்சப்புறம் பழைய டேட்டால எந்த ஃபார்முலா பொருந்துதுன்னு பாத்தாங்க. மேட்ச் முடிஞ்சப்புறம் ஸ்கோர்கார்டு வச்சுட்டு "பதினேழாவது ஓவர்லதான் ஆர்சிபி தோத்துச்சு"ன்னு நம்ம மாமா சொல்ற மாதிரி. அதே ஃபார்முலாவ புது ஜோடிங்க மேல போட்டா கணிப்பு நல்லா இறங்கிடும்னு 2001லயே ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் கணக்கு போட்டு காட்டிட்டாங்க. என்ன பழக்கம் உறவ அரிக்குதுங்கறதுக்கு அந்த ஆராய்ச்சி உதவும், ஜோசியத்துக்கு உதவாது.

என் ஹஸ்பெண்ட் எதுவுமே பேச மாட்டேங்கறார். / என் வைஃப் ஒரு விஷயத்த விடவே மாட்டேங்கறா.

இது ரெண்டு தனித்தனி சீட்டு. ஒரே நீல பேனா மாதிரி தெரிஞ்சுச்சு, நான் ஒண்ணும் சொல்லல.

இதுக்கு ஆராய்ச்சில ஒரு பேர் இருக்கு, ஒருத்தர் துரத்துறது இன்னொருத்தர் ஒதுங்குறது. அவர் பேசலங்கறதால இவங்க குரல் ஏறுது, குரல் ஏறுதுங்கறதால அவர் பால்கனிக்கு போறார், அவர் பால்கனிக்கு போனதால இவங்க பின்னாடியே போறாங்க. ரெண்டு பேரும் "நான் பதிலுக்கு தான் பண்றேன், ஆரம்பிச்சது அவங்க"ன்னு சத்தியம் பண்ணுவாங்க, ரெண்டு பேர் சொல்றதும் உண்மை தான், வட்டத்துக்கு ஆரம்பம் எங்க இருக்கு.

பொம்பளைங்கன்னா நச்சரிப்பாங்க ஆம்பளைங்கன்னா ஒதுங்குவாங்கன்னு ஈசியா சொல்லிடறோம். 1990ல ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹேவியும் ஒரு வேலை பண்ணாங்க, அதே ஜோடிய ரெண்டு தடவை பேச வச்சாங்க. மனைவி கேக்கற மாற்றத்த பத்தி பேசும்போது மனைவி துரத்துறது புருஷன் ஒதுங்குறது பலமா இருந்துச்சு. புருஷன் கேக்கற மாற்றத்த பத்தி பேசினப்போ அந்த வித்தியாசம் காணாம போச்சு. அதாவது யாருக்கு வீட்ல ஏதோ மாறணுமோ அவங்க துரத்துறாங்க, இப்படியே இருந்தா யாருக்கு வசதியோ அவங்க ஒதுங்குறாங்க. இத ஒரு ஆம்பள கிளையண்ட் கிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் தரைய பாத்துட்டு இருந்துட்டு "அப்ப எனக்கு வசதியா தான் இருக்கு போல மேடம்"னாரு. அதுக்கு மேல அன்னைக்கு செஷன்ல நான் எதுவும் பண்ண வேண்டியிருக்கல.

ஒதுங்குறவருக்கு ஒரு நியாயமும் இருக்கு. ஹார்ட் பீட் நிமிஷத்துக்கு நூறத் தாண்டிடுச்சுன்னா காது கேக்கும், மண்டைல ஏறாது. காட்மன் லேப்ல ஒரு தடவை சண்டை சூடா இருக்கும்போதே உள்ள போயி, மெஷின சரி பண்ணணும், அரை மணி நேரம் இந்த விஷயத்த பேசாம மேகசீன் படிச்சிட்டு இருங்கன்னு சொன்னாங்க. திரும்ப பேச ஆரம்பிச்சப்போ ஹார்ட் பீட் இறங்கி, ஆளுங்களே வேற மாதிரி பேசினாங்க. அதனால எழுந்து போறது தப்பில்ல, எப்ப வருவேன்னு சொல்லாம எழுந்து போறது தான் தப்பு. "இருபது நிமிஷம் குடு, கீழ ஒரு ரவுண்டு நடந்துட்டு வரேன், வந்து பேசலாம்". வந்து பேசணும், அது முக்கியம். நம்ம மொழில ஊடல்னு அழகா ஒரு வார்த்தை இருக்கு, ஆனா ஊடல்னா அதுக்கப்புறம் கூடல் இருக்கணும், நாலு நாள் பேசாம இருந்துட்டு வாட்ஸ்அப்ல "பால் வாங்கவும்"னு மட்டும் அனுப்புறது ஊடல் இல்ல.

பெரிய சண்டையே இல்ல, ஆனா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.

இந்த சீட்ட நான் ரெண்டு தடவை படிச்சேன்.

சாயங்காலம் ஒருத்தர் அவுட்டர் ரிங் ரோட்ல ஒன்றரை மணி நேரம் மாட்டிட்டு வீட்டுக்கு வரார். ஷூவ கழட்டிட்டே, "இன்னைக்கு சில்க் போர்டுல ஒருத்தன் ஸ்கூட்டர்ல தென்னங்கன்ன நிக்க வச்சு கட்டிட்டு போறான்"ங்கறார். இதுக்கு பதில் மூணு விதமா வரலாம். "அய்யோ எப்படி, பின்னாடியா?" இது ஒண்ணு. ஃபோன்ல இருந்து தலைய தூக்காம "ம்" இது ரெண்டாவது. "தென்னங்கன்னு பாக்க நேரம் இருக்கு, என் ஃபோன எடுக்க நேரம் இல்ல" இது மூணாவது. அவருக்கு தென்னங்கன்னு பத்தி ஒண்ணும் இல்ல, கொஞ்சம் என் பக்கம் திரும்புன்னு கேக்கறார், அவ்ளோதான். புதுசா கல்யாணம் ஆனவங்கள காட்மன் ஆளுங்க இப்படி கவனிச்சுட்டு ஆறு வருஷம் கழிச்சு பாத்தாங்க. சேர்ந்தே இருந்தவங்க இந்த மாதிரி சின்ன கூப்பிடலுக்கு 86 சதவீதம் திரும்பியிருந்தாங்க, பிரிஞ்சவங்க 33 சதவீதம் தான். கோவாக்கு டிரிப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சீட்டுலயே எழுதியிருந்தாரு. போயிட்டு வாங்க, வேணாம்னு சொல்லல, ஆனா ஷூ கழட்டுற இடத்துல நடக்கறத மொதல்ல பாருங்க.

மாமியார் பத்தி ஏழு சீட்டு.

ஏழும் எழுதினது யாருன்னு கேக்காதீங்க, ரெண்டு ஆம்பள கையெழுத்து.

மிஷிகன் பல்கலைக்கழகத்துல டெரி ஆர்பக்னு ஒருத்தங்க 1986ல கல்யாணம் ஆன 373 ஜோடிங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க. புருஷன் மாமனார் மாமியாரோட நெருக்கமா இருந்தா டிவோர்ஸ் வாய்ப்பு 20 சதவீதம் கம்மியாச்சு. ஆனா மருமக மாமியார் வீட்டோட ரொம்ப நெருக்கமா இருந்தா 20 சதவீதம் கூடுச்சு! ஆர்பக் சொல்ற காரணம், மாமியார் சொல்ற அட்வைஸ மருமக தன் வாழ்க்கைல தலையிடறதா எடுத்துக்கறா, மருமகன் அப்படி எடுத்துக்கறதில்ல. அது அமெரிக்கா, அங்க மாமியார் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வந்துட்டு போறவங்க. இங்க குழந்தைய பாத்துக்க சேலத்துல இருந்து வந்து ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ல ஹால்ல படுத்துக்கறாங்க, அவங்க இல்லன்னா ரெண்டு பேரும் வேலைக்கே போக முடியாது. அதனால அந்த நம்பர அப்படியே இங்க கொண்டு வரக் கூடாது. நான் பாத்த வரைக்கும் பிரச்சினை மாமியார் இருக்கறதுல கம்மி, அம்மாகிட்ட சொல்ல வேண்டியத புருஷன் சொல்லாம பொண்டாட்டிய சொல்ல விடறதுல தான் ஜாஸ்தி.

மாமியாரையும் செஷனுக்கு கூட்டிட்டு வரலாமா?

வரலாம், மொதல் செஷனுக்கு வேணாம். இங்க இருக்கற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல குடும்பத்தோடவே உக்கார வச்சு பாக்கறதுக்குன்னே தனியா ஃபேமிலி சைக்கியாட்ரி சென்டர் இருக்கு.

கவுன்சலிங் உண்மையிலயே வேலை செய்யுதா, இல்ல பேசிட்டு காசு வாங்கறதா?

நியாயமான கேள்வி. தனி ஆளுக்கான தெரபி பத்தி 1977ல மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகள ஒண்ணா கூட்டி பாத்தாங்க, தெரபி எடுத்த சராசரி ஆளு, எடுக்காதவங்கள்ல 75 சதவீதம் பேர விட நல்ல நிலைமைல இருந்தாரு. ஜோடி தெரபிக்கு நான் எப்பவும் சொல்ற ஆய்வு, கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் ஆரம்பிச்சது, 134 ஜோடி, லேசான சண்டைக்காரங்க இல்ல, நல்லா முத்திப்போன கேஸுங்க. அதிகபட்சம் 26 செஷன். முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா சுமார் பாதிப் பேர் தெளிவா முன்னேறி இருந்தாங்க, கால்வாசிக்கு கொஞ்சம் மேல பிரிஞ்சுட்டாங்க. பாதி தானான்னு சில பேர் முகம் சுருங்குது. முத்திப்போன கேஸ்ல பாதிங்கறது எனக்கு பெரிய விஷயமா தான் தெரியுது. பிரிஞ்சவங்க எல்லாம் தோல்வின்னும் நான் எழுத மாட்டேன், கோர்ட்ல நாலு வருஷம் அடிச்சுக்காம மரியாதையா பிரிஞ்ச ஜோடிங்களையும் பாத்திருக்கேன்.

எந்த டைப் தெரபி பெஸ்ட்? சிபிடியா (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பாக்கறது), இஎஃப்டியா (உணர்ச்சிய மையமா வச்சுப் பாக்கறது)?

எல்லாரும் பிராண்ட் கேக்கறாங்க, மிக்ஸி வாங்கற மாதிரி. சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பர்க்கும் 1980கள்ல கொண்டு வந்த இஎஃப்டிக்கு ஜோடிங்க விஷயத்துல நல்ல ஆதாரம் இருக்கு, கோவத்துக்கு அடில "நான் உனக்கு வேணுமா"ங்கற பயம் இருக்கும்னு அத வெளில கொண்டு வர்ற வழி. மேல சொன்ன 134 ஜோடில ரெண்டு விதமான தெரபி குடுத்தாங்க, ரெண்டு வருஷம் வரைக்கும் ஒண்ணு முன்னாடி ஓடுச்சு, அஞ்சு வருஷத்துல ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வந்து நின்னுச்சு.

பிராண்ட விட பெருசா ஒண்ணு இருக்கு, தெரபிஸ்டுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கற உறவு. 1979ல எட்வர்ட் போர்டின் இத மூணா பிரிச்சாரு, எதுக்காக வந்திருக்கோம்ங்கறதுல ஒத்துப் போறது, அதுக்கு என்ன செய்யப் போறோம்ங்கறதுல ஒத்துப் போறது, இவங்கள நம்பலாம்ங்கற பிடிப்பு. 2018ல கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகர் குரூப் 295 ஆய்வு, முப்பதாயிரத்துக்கும் மேல ஆளுங்கள வச்சு கணக்கு போட்டாங்க. தெரபியோட ரிசல்ட்ல ஆளுக்கு ஆள் வர்ற வித்தியாசத்துல சுமார் 8 சதவீதம் இந்த உறவோட சேர்ந்து போகுது. எட்டு கம்மியா தெரியும், ஆனா தெரபிய பொறுத்தவரைக்கும் இவ்ளோ ஆய்வுல இவ்ளோ நிலையா நிக்கற விஷயம் கம்மி.

ஜோடிங்கள பாக்கும்போது இது டபுள் கஷ்டம், ஒரே நேரத்துல ரெண்டு பேர்கிட்டயும் அந்த பிடிப்பு வேணும். நானே தப்பு பண்ணியிருக்கேன். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ஜோடி, அவர் கொஞ்சம் கடுகடுன்னு இருப்பாரு, நான் என்னை அறியாம நாற்காலிய அந்தப் பொண்ணு பக்கம் திருப்பி வச்சுட்டு உக்காந்திருக்கேன். மூணாவது செஷனுக்கு அவர் வரல. நான் ஃபோன் பண்ணப்போ "நீங்க என்னை பாத்தப்போ எல்லாம் வாட்சையும் பாத்தீங்க மேடம்"னாரு. வாட்ச பாத்தேனான்னு எனக்கு ஞாபகமே இல்ல, ஆனா அவர் சொன்னா பாத்திருப்பேன். மன்னிப்பு கேட்டேன், வாட்ச கழட்டி டிராயர்ல வச்சேன், சுவர்க் கடிகாரம் மாட்டினேன். அவர் திரும்ப வந்தாரு. அந்த செஷன்ல தான் மொதல் தடவையா அவர் வைஃப பாத்து "வீட்லயும் எனக்கு இப்படித்தான் தோணும்"னாரு. தெரபி உறவுல விரிசல் விழுந்து அத ஒட்ட வச்சா வேலை இன்னும் ஆழமா போகுதுன்னு ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டஃபர் முரன் நிறைய எழுதியிருக்காங்க, படிச்சப்போ புரிஞ்சத விட அன்னைக்கு நல்லா புரிஞ்சுச்சு.

அதனால உங்க கவுன்சலர் சொன்னது பிடிக்கலன்னா, காணாம போயிடாதீங்க, அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பாருங்க. நார்வேல 205 ஜோடிங்கள வச்சு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒவ்வொரு செஷன்லயும் "இன்னைக்கு எப்படி இருந்துச்சு"ன்னு சின்ன ஃபார்ம் நிரப்ப சொல்லி அத தெரபிஸ்ட் பாத்துக்கிட்ட ஜோடிங்க, மத்தவங்கள விட நல்லா தேறினாங்க. சொன்னதக் கேட்டுட்டு உங்க மேல கோவப்படுற கவுன்சலரா இருந்தா மாத்திடுங்க.

எத்தன செஷன் ஆகும்?

தனி ஆளுக்கு, 1986ல கென்னத் ஹோவர்ட் ஆளுங்க சொன்னது, 8 செஷன்ல பாதிப் பேருக்கும் 26 செஷன்ல முக்கால்வாசிப் பேருக்கும் மாற்றம் தெரியும். ஜோடிக்கு நான் மொதல்ல ஆறு செஷன் சொல்லி, அப்புறம் உக்காந்து பேசுவேன். முதல் செஷன்லயே இருபது செஷனுக்கு பேக்கேஜ் பணம் கட்டச் சொன்னா எழுந்து வந்துடுங்க.

இங்கிலீஷ்ல தான் பேசணுமா?

இல்லவே இல்ல. ஒரு ஜோடி நாலு செஷன் சூப்பர் இங்கிலீஷ்ல "ஐ ஃபீல் அன்ஹர்ட்"னு பேசிட்டு இருந்தாங்க, மீட்டிங் மினிட்ஸ் மாதிரி இருந்துச்சு. அஞ்சாவதுல "இத உங்க அம்மாகிட்ட சொல்றதா இருந்தா எப்படி சொல்லுவீங்க"ன்னு கேட்டேன். அவங்க "எனக்குன்னு யாருமே இல்லம்மா"ன்னுட்டு அழுதுட்டாங்க. தமிழ்ல பாக்கறவங்க பெங்களூர்ல இருக்காங்க, கேட்டு வாங்குங்க.

ரெண்டு வருஷமா யோசிச்சுட்டு இருக்கோம், லேட் ஆயிடுச்சா?

ஜோடிங்க ஆறு வருஷம் காத்திருந்துட்டு தான் வருவாங்கன்னு எங்க துறைல எல்லாரும் சொல்லிட்டு திரிஞ்சோம், நானும் தான். 2021ல வில்லியம் டோஹர்ட்டி குழு உண்மையில கேட்டு பாத்தப்போ சராசரி 2.68 வருஷம்னு வந்துச்சு. அப்ப நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க.

அடி விழுது. ஜோடியா கவுன்சலிங் போனா சரியாகுமா?

இத எழுதினவங்க இத படிக்கணும்னு வேண்டிக்கறேன். அடி, மிரட்டல், ஃபோன புடுங்கறது, வெளிய விடாம வைக்கறது இருந்தா ஜோடி தெரபி வேணாம். செஷன்ல உண்மைய சொன்னா வீட்டுக்கு போனதும் அதுக்கு தனியா அடி விழும். மொதல்ல பாதுகாப்பு. பெண்கள் ஹெல்ப்லைன் 181, உடனடி ஆபத்துன்னா 112. 2005 குடும்ப வன்முறை சட்டத்துல நீங்க அதே வீட்ல இருக்கற உரிமையும் இருக்கு. உங்களுக்கு மட்டும்னும் நினைக்காதீங்க, 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுல கர்நாடகாவுல 44 சதவீத கல்யாணமான பெண்களும் தமிழ்நாட்டுல 38 சதவீதமும் புருஷன்கிட்ட வன்முறைய அனுபவிச்சதா சொன்னாங்க. தனியா உங்கள மட்டும் பாக்கச் சொல்லி ஒரு கவுன்சலர்கிட்ட போலாம்.

நான் சொல்றத என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவீங்களா?

2017 மனநல சட்டத்துல ரகசியம் காக்கறது உங்க உரிமைன்னே எழுதியிருக்கு. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவுன்னு சில விதிவிலக்கு இருக்கு. ஆனா ஜோடியா வரும்போது ஒருத்தர் எனக்கு மட்டும் தனியா ஃபோன் பண்ணி "ஒரு அஃபேர் இருக்கு, சொல்லிடாதீங்க"ன்னா நான் மாட்டிக்குவேன், அதனால ரகசியத்துக்கு நான் என்ன ரூல் வச்சிருக்கேன்னு முதல் நாளே ரெண்டு பேருக்கும் சொல்லிடுவேன். உங்க கவுன்சலர் சொல்லலன்னா நீங்க கேளுங்க.

யாரு ஒரிஜினல், யாரு டூப்பு, எவ்ளோ ஆகும், எங்க போறது?

மருந்து எழுதறவங்க சைக்கியாட்ரிஸ்ட், அவங்க டாக்டர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும், நம்பர் கேட்டா குடுப்பாங்க. என்னை மாதிரி கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்டுங்க எம்ஏ அல்லது எம்எஸ்சி படிச்சிருப்போம். வீக்கெண்ட் கோர்ஸ் முடிச்சுட்டு கவுன்சலர்னு போர்டு மாட்டினவங்களும் இருக்காங்க, அதனால எங்க படிச்சீங்க, உங்கள யாரு சூப்பர்வைஸ் பண்றாங்கன்னு கேளுங்க, ஒழுங்கானவங்க கோச்சுக்க மாட்டாங்க. தனியாரா போனா செஷனுக்கு ஆயிரத்துல இருந்து மூவாயிரம் வரைக்கும் பாத்திருக்கேன். அவ்ளோ முடியாதுன்னா ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ், காலைலயே போங்க, கூட்டம் இருக்கும். அது பெரிய ஆஸ்பத்திரின்னு தயக்கமா இருந்தா பிடிஎம் லேஅவுட்ல அவங்களோட வெல் பீயிங் சென்டர் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு யார்கிட்டயாவது பேசணும்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயும் பேசலாம், 2022 அக்டோபர்ல இருந்து ஓடுது.

மேடம், இதெல்லாம் உங்க வீட்ல வேலை செய்யுதா?

கடைசி சீட்டு. எழுதினது எங்க வீட்டுக்காரராவே இருக்கலாம்.

போன ஞாயித்துக்கிழமை அண்ணன் குடும்பம் ஓசூர்ல இருந்து சாப்பிட வராங்க, பதினொரு மணிக்கு பாத்தா தண்ணி கேன் காலி. கேன் ஆளுக்கு ஃபோன் பண்றேன்னு சனிக்கிழமையே சொன்னவர் சோஃபால பேப்பர் படிச்சிட்டு இருக்கார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "எப்பவுமே இப்படித்தான், உங்கள நம்பி ஒரு சொட்டு தண்ணிய விட முடியாது." கிளையண்ட் யாராவது சொன்னா உடனே நிறுத்தி திருப்பி சொல்லச் சொல்ற வாக்கியம். அவர் ஒரு வார்த்தை பேசாம செருப்ப மாட்டிட்டு போயிட்டாரு, எப்ப வருவேன்னு சொல்லவும் இல்ல. லிஃப்ட் வேற அன்னைக்கு ரிப்பேர். அரை மணி நேரம் கழிச்சு மூணு மாடி ஏறி, தோள்ல கேனோட, மூச்சு வாங்கிட்டு கிச்சன் வாசல்ல நிக்கறார். "கேனும் வந்திருக்கு, ஆளும் வந்திருக்கேன், ரெண்டையும் எங்க வைக்கட்டும்?" சிரிக்கக் கூடாதுன்னு தான் இருந்தேன், கரண்டிய வச்சுட்டு சிரிச்சுட்டேன். கோவம் முழுசா போகல, அண்ணன் கிளம்புற வரைக்கும் கொஞ்சம் உள்ள இருந்துச்சு. இப்ப கேன் ஆளுக்கு நான் தான் ஃபோன் பண்றேன், அது ஏன் நானே பண்ணணும்ங்கறது வேற சண்டை, போயிட்டு இருக்கு.